முதலாளி சொன்னார், திருத்தினேன், அழித்துவிட்டார்கள்

சென்ற மாதம் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, கம்பெனி ஊழியர்கள் தங்கள் நிறுவனத்தின் விக்கிப்பீடியா பக்கத்தில் தாங்களே கைவைக்கக் கூடாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும். பாதிப்பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். தங்கள் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

புதிய வாசகர்களுக்கு ஒரு தகவல். நான் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்திப் பழகியவன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விக்கிப்பீடியாவில் இந்த மாதிரி வேண்டுகோள்களைப் பார்த்து முடித்துவைக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். சம்பளம் கிடையாது. கீழே அங்கங்கே எரிச்சல் தென்பட்டால் அதுதான் காரணம்.

எங்களுடையது பம்புசெட் கம்பெனி. தொடங்கிய ஆண்டு 1978 என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தவறாக இருக்கிறது, 1973தான் சரி. எம்.டி. சொன்னதால் நான் திருத்தினேன். ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிட்டார்கள். மறுபடி திருத்தினேன், என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். சரியான தகவலைப் போடுவது குற்றமா? (கோயம்புத்தூர்)

குற்றமில்லை. ஆனால் நீங்கள் அதை மட்டும் செய்யவில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த பிரதியைப் பார்த்தேன். ஆண்டைத் திருத்திய அதே கையோடு, 'தொலைநோக்குப் பார்வை கொண்ட நிறுவனரின் தலைமையில்', 'உலகத் தரம் வாய்ந்த', 'வாடிக்கையாளர் மனநிறைவே மூச்சாக' என்று இரண்டு பத்திகளையும் சேர்த்திருக்கிறீர்கள். பம்புசெட் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'நீர் மேலாண்மைத் தீர்வுகள்' என்று போட்டிருக்கிறீர்கள். ஊருக்கே பம்புசெட் விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனிக்கு அந்தச் சொல்லில் என்ன கூச்சமோ தெரியவில்லை. இவ்வளவு சரக்கோடு வந்த திருத்தத்தை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவதுதான் பார்ப்பவருக்குச் சுலபம். உங்கள் 1973-உம் அதோடு போய்விட்டது.

முடக்கியதற்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. உங்கள் கணக்கின் பெயர் கம்பெனியின் பெயராகவே இருக்கிறது. அங்கே கணக்கு ஓர் ஆளுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. உங்கள் பெயரையோ புனைபெயரையோ வைத்துக்கொள்ளலாம். பெயரோடு கம்பெனியையும் சேர்த்து, 'இன்ன கம்பெனியின் இன்னார்' என்று வைப்பதற்கும் தடை இல்லை. உங்கள் பயனர் பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் உங்களுக்குச் செய்தி எழுதும் பக்கத்தில், முடக்கத்துக்கான காரணம் எழுதப்பட்டிருக்கும். பெயரை மாற்றிக்கொள்கிறேன், இனிமேல் கட்டுரையை நேரடியாகத் தொடமாட்டேன் என்று அங்கேயே விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் திறந்துவிடுவார்கள். ஒருபோதும் இன்னொரு கணக்கு தொடங்கிப் பின்வாசல் வழியாக நுழையாதீர்கள்.

திறந்த பிறகு முதல் வேலை, உங்கள் பயனர் பக்கத்தில் நீங்கள் யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று எழுதுவது. இது மரியாதைக்காகச் செய்வது அல்ல. பணம் பெற்றுக்கொண்டு தொகுப்பவர் தம் முதலாளி யார், வாடிக்கையாளர் யார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 ஜூன் முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிமுறையிலேயே இருக்கிறது. கம்பெனி சொல்லிச் செய்யும் பயிற்சி மாணவருக்கும் இது பொருந்தும். 'அந்தப் பையன் இன்டர்ன்தானே, அவனை விட்டுச் செய்யச் சொல்வோம்' என்று எத்தனையோ அலுவலகங்களில் நினைக்கிறார்கள்.

பிறகு கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்கு, அதாவது கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்காக அதோடு இணைந்திருக்கும் பக்கத்துக்கு, போங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் நலன் முரண் உள்ளவர்கள், அதாவது கட்டுரையின் விஷயத்தில் சொந்த லாபநட்டம் உள்ளவர்கள், திருத்தம் கேட்பதற்கென்றே ஒரு வார்ப்புரு (ஆயத்தப் படிவம்) இருக்கிறது. 'எடிட் சிஓஐ' என்று பெயர். அதை இட்டால் உங்கள் வேண்டுகோள் ஒரு வரிசையில் சேரும். அந்த வரிசையைப் பார்ப்பவர்கள்தான் என்னைப் போன்றவர்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

'நான் இந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். முதல் பத்தி, இரண்டாவது வாக்கியம். இப்போது இருப்பது: 1978-இல் தொடங்கப்பட்டது. கேட்பது: 1973-இல் கூட்டாண்மை நிறுவனமாகத் தொடங்கப்பட்டது, 1978-இல் பிரைவேட் லிமிடெட் ஆனது. ஆதாரம்: இன்ன நாளிதழ், இன்ன தேதி, இன்ன பக்கம்.'

'கூட்டாண்மை' என்று நானாகச் சேர்த்திருக்கிறேன், கவனித்தீர்களா? நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனால் உங்கள் கம்பெனியின் சி.ஐ.என். எண்ணை, அதாவது நிறுவன அடையாள எண்ணைப் பாருங்கள். 21 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து வரும் நான்கு இலக்கம், நிறுவனம் பதிவான ஆண்டு. கோவைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவற்றுக்கு 'டி.இசட்.' என்று இருக்கும், அதன்பின் ஆண்டு. யாரோ ஒரு தொகுப்பாளர் அங்கிருந்துதான் 1978-ஐ எடுத்திருக்க வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பட்டறை போட்டு, சில வருடம் கழித்து லிமிடெட் ஆக்கிய கம்பெனிகள் கொங்கு நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. உங்கள் வீட்டுக் கதையும் அதுதானா என்று எம்.டி.யிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 1978-உம் பிழையில்லை, 1973-உம் பிழையில்லை. 'தவறு, மாற்றுங்கள்' என்று கேட்டால் சண்டை வரும். 'இரண்டையும் சொல்லுங்கள்' என்று கேட்டால் வேலை முடியும்.

எழுத்துப்பிழையைக்கூட நானே திருத்தக் கூடாதா? (கரூர்)

திருத்தலாம். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை, செயல்படாத இணைப்பு, யாராவது விஷமத்துக்கு எழுதிவிட்டுப் போன வசை ஆகியவற்றைச் சரிசெய்ய ஊழியருக்கும் தடை இல்லை. நீங்கள் யார் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் உங்கள் சேர்மன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடுவது எழுத்துப்பிழைத் திருத்தம் ஆகாது.

எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறார்கள். எங்கள் கம்பெனியைப் பற்றி எங்களைவிட யாருக்குத் தெரியும்? (ஈரோடு)

யாருக்கும் தெரியாது. அதுதான் சிக்கலே. உங்களுக்குத் தெரிந்திருப்பதை, திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் நான் எப்படிச் சரிபார்ப்பது?

இதே கேள்வியைப் புகழ்பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் 2012-இல் கேட்டார். அவருடைய நாவல் ஒன்றின் கதாநாயகன் இன்ன எழுத்தாளரை மனத்தில் வைத்து உருவானவன் என்று விக்கிப்பீடியாவில் இருந்தது. இல்லை, என் நண்பரான ஒரு பேராசிரியரின் அனுபவத்திலிருந்து உருவானவன் என்றார் ராத். எழுதியவரே சொல்கிறார், ஆனாலும் வேறு இடத்தில் வெளியான சான்று வேண்டும் என்று பதில் வந்தது. கொதித்துப்போனவர் 'தி நியூயார்க்கர்' இதழின் இணையதளத்தில் விக்கிப்பீடியாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். மடல் வெளியானதும் அதையே மேற்கோளாகக் காட்டி அவருடைய விளக்கம் கட்டுரையில் ஏறியது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மடல் வந்த பிறகு, அதைச் சொன்னது ராத்தான் என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் இருந்தது, 'நான் ராத்தின் ஆள்' என்று ஒருவர் சொன்ன சொல் மட்டும்தான்.

உங்களுக்கு நியூயார்க்கர் தேவையில்லை. ஊழியர் எண்ணிக்கை, ஆண்டு விற்றுமுதல், தலைமை அலுவலகம், புதிய நிர்வாக இயக்குநர் போன்ற சர்ச்சையில்லாத விஷயங்களுக்கு உங்கள் ஆண்டறிக்கையே போதும். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமானால் அங்கே தாக்கல் செய்த அறிவிப்பைக் காட்டலாம். மற்ற எல்லாவற்றுக்கும் உங்களோடு தொடர்பில்லாத ஒருவர் எழுதியது வேண்டும். அது இணையத்தில் இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. பழைய நாளிதழ் நறுக்கு உங்கள் அலுவலக பீரோவில் இருந்தால் தேதியும் பக்கமும் கொடுங்கள். நாங்கள் நூலகத்தில் தேடிக்கொள்கிறோம். நறுக்கில் தேதியைக் கத்தரித்துவிட்டு முதலாளியின் படத்தை மட்டும் ஒட்டிவைக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆல்பங்கள் பயன்படாது.

பத்திரிகைக்கு நீங்கள் அனுப்பிய செய்திக்குறிப்பு அப்படியே அச்சானால் அது தனிச் சான்று ஆகாது. பொன்விழா ஆண்டில் காசு கொடுத்துப் போட்ட சிறப்பு மலரும் அப்படியே. அந்தப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரதாரர் செய்தி' என்று இருப்பதை மெய்ப்புத் திருத்தியவன் கண் முதலில் பார்த்துவிடும்.

எங்கள் தோல் தொழிற்சாலையைக் கழிவுநீர் விவகாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் மூடச் சொன்னார்கள். சுத்திகரிப்பு வசதி செய்த பிறகு அந்த உத்தரவு விலக்கப்பட்டது. ஆனால் கட்டுரையில் மூடியது மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பத்தியை நீக்க வேண்டும் என்கிறார் எங்கள் இயக்குநர். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றும் பேச்சு. (ஆம்பூர்)

நீக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கிடைக்காது, கேட்ட பதிவு மட்டும் பேச்சுப் பக்கத்தில் உங்கள் பெயரோடு நிற்கும். பாலாற்றங்கரைத் தோல் கழிவு, 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன விஷயம். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அந்த வட்டாரத்துத் தொழிற்சாலை பற்றிய கட்டுரையிலிருந்து கழிவுநீர் என்ற பேச்சையே எடுக்கச் சொன்னால் எந்தத் தொகுப்பாளரும் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் உங்கள் குறை நியாயமானது. மூடியதைச் சொல்லித் திறந்ததைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை. எனவே சேர்க்கச் சொல்லுங்கள். 'இன்ன தேதியில் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது' என்று ஒரே வாக்கியம், அதற்கு நாளிதழ்ச் செய்தி. நான் பார்த்தவரை இப்படிப்பட்ட வேண்டுகோள்தான் மிக விரைவாக ஏற்கப்படுகிறது. பத்தி மொத்தக் கட்டுரையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அறுபது வருடக் கம்பெனியின் வரலாற்றில் ஒரு நிகழ்வுக்கு எவ்வளவு இடம் தருவது என்பது விவாதிக்கக்கூடிய விஷயம்தான்.

வக்கீல் நோட்டீஸ் பற்றி உங்கள் இயக்குநருக்கு இரண்டு கதைகள். 2013-இல் பிரான்சின் உள்நாட்டு உளவுத் துறை, ஒரு ராணுவ வானொலி நிலையம் பற்றிய பிரெஞ்சு விக்கிப்பீடியா கட்டுரையை நீக்க வேண்டும் என்று ஒரு தன்னார்வலரைக் கூப்பிட்டு மிரட்டி நீக்கவைத்தது. அதுவரை யாரும் சீந்தாத அந்தக் கட்டுரை திரும்ப ஏற்றப்பட்டு, அந்த நாட்களில் பிரெஞ்சு மொழிப் பதிப்பிலேயே அதிகம் பேர் படித்த பக்கமானது. இரண்டாவது நம் நாட்டிலேயே நடந்தது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரையில் அவதூறு இருப்பதாக 2024-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றியே ஒரு விக்கிப்பீடியா பக்கம் உருவானது. உயர் நீதிமன்றம் சொன்னதால் அக்டோபரில் அந்தப் பக்கம் முடக்கப்பட்டது. அந்த உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. ஏ.என்.ஐ. கட்டுரையில் என்ன எழுதியிருந்தது என்பது வழக்குக்கு முன் எத்தனை பேருக்குத் தெரியும், பின் எத்தனை பேருக்குத் தெரியும் என்று மட்டும் யோசிக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே அவதூறு இருந்தால் நீதிமன்றம் போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பேச்சுப் பக்கத்தில் 'வழக்குப் போடுவோம்' என்று எழுதினால் அந்த மிரட்டல் தீரும்வரை உங்கள் கணக்கு முடக்கப்படும். பேச்சுவார்த்தை, வழக்கு ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் செய்ய முடியும்.

விக்கிப்பீடியா நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போன் செய்தார். பணம் கட்டினால் நிராகரிக்கப்பட்ட எங்கள் பக்கத்தை வெளியிட்டுத் தருவாராம். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் யாரும் அதில் கைவைக்காமல் பார்த்துக்கொள்வாராம். நம்பலாமா? (சென்னை)

போனை வையுங்கள்.

இது பழைய மோசடி. 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் தொகுப்பாளர்களே துப்புத் துலக்கி, ஒரே கும்பல் நடத்திய 381 கணக்குகளை முடக்கினார்கள். முதலில் சிக்கிய கணக்கின் பெயரை வைத்து அதை 'ஆரஞ்சுமூடி' (Orangemoody) விவகாரம் என்பார்கள். உங்களுக்கு நடந்ததுதான் அங்கும் நடந்தது. நிராகரிக்கப்பட்ட வரைவுகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றுக்குரிய சிறு தொழில்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேரம் பேசினார்கள். பக்கம் வெளியான பிறகு 'பாதுகாப்பு'க்கு மாதக் கட்டணம். கடைசியில் 210 கட்டுரைகள் அழிக்கப்பட்டன. பணம் கட்டியவர்களுக்குப் பணமும் போயிற்று, பக்கமும் போயிற்று. எந்த நிர்வாகியும் கட்டுரைக்குக் காசு கேட்கமாட்டார். எந்தப் பக்கத்தையும் யாரும் தொடாமல் காவல் காக்க யாராலும் முடியாது.

நேர்மையாகத் தொழில் செய்யும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் பெயரை வாடிக்கையாளர் என்று வெளிப்படையாக எழுதிவிட்டுப் பேச்சுப் பக்கத்தில்தான் வேண்டுகோள் வைப்பார்கள். அதை நீங்களே செய்யலாமே.

வீட்டிலிருந்து, கணக்குத் தொடங்காமல் திருத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? (சேலம்)

2007-இல் அமெரிக்க மாணவர் ஒருவர் 'விக்கிஸ்கேனர்' என்று ஒரு கருவி செய்தார். கணக்கில்லாமல் செய்த திருத்தங்களின் ஐ.பி. எண்கள் எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அது ஒப்பிட்டுக் காட்டியது. வாக்கு எந்திரம் செய்த டீபோல்ட் நிறுவனத்தின் கணினியிலிருந்து, அந்த எந்திரங்களைப் பற்றிய விமர்சனப் பத்திகள் நீக்கப்பட்டது உலகச் செய்தியானது. வீட்டிலிருந்து செய்தாலும், முதலாளியின் பிறந்த தேதியில் அக்கறை காட்டும் அந்நியர் யாராக இருப்பார் என்று ஊகிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

பழைய லோகோவே இருக்கிறது. நிறுவனரின் படமும் போட வேண்டும். (சிவகாசி)

லோகோவுக்கு, புதியது இருக்கும் உங்கள் இணையதளப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். சிறிய அளவில் ஏற்றித் தருவார்கள். படம் வேறு விஷயம். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும் படத்தை யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும்கூட, பயன்படுத்தலாம். படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் அதற்கு எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். நாளைக்கு நிறுவனரின் முகத்தை யாரோ காலண்டரில் அச்சடித்தால் பதிப்புரிமையைச் சொல்லித் தடுக்க முடியாது. சிவகாசிக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

வேண்டுகோள் வைத்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை. எம்.டி. தினமும் கேட்கிறார். (திருச்சி)

வரிசை நீளம், ஆட்கள் குறைவு. வாரக்கணக்கில் ஆகலாம், சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும். இடையில் பொறுமையிழந்து நீங்களே மாற்றிவிட்டால் அதுவரை இருந்ததும் கெட்டுப்போகும்.

உங்கள் வேண்டுகோளைத் தேடிப் படித்தேன். பதினான்கு மாற்றங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். 'புதிய கட்டுரை இணைப்பில் உள்ளது, அப்படியே மாற்றிவிடவும்' என்று முடித்திருக்கிறீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவன் அதைத் திறந்து, மூடிவிட்டு, இரண்டே வரியில் கேட்டிருக்கும் அடுத்தவரின் வேண்டுகோளுக்குப் போய்விடுவான். நானும் போயிருப்பேன். அவசரமானவை எவையோ அவற்றில் இரண்டை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். அவை முடிந்த பிறகு அடுத்தவை.

எம்.டி.யிடம் சொல்ல ஒரு வழி: பேச்சுப் பக்கத்தை அவர் முன்னால் திறந்து காட்டுங்கள். நீங்கள் கேட்டது தேதியோடு அங்கே இருக்கிறது. பந்து இப்போது உங்கள் கையில் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

எங்களுக்குப் பக்கமே இல்லை. போட்டிக் கம்பெனிக்கு இருக்கிறது. நானே எழுதலாமா? (ஓசூர்)

வரைவாக எழுதி, சம்பள விவரத்தைச் சொல்லி, பரிசீலனைக்கு அனுப்பலாம். ஆனால் உங்களோடு தொடர்பில்லாதவர்கள் உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். போட்டிக் கம்பெனிக்கு இருப்பது ஒரு காரணமாகாது. உங்கள் தேடலில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பக்கம் இல்லாத கம்பெனிக்குத் திருத்தம் கேட்கும் தொல்லையும் இல்லை.

ஆங்கிலத்தில் திருத்திவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலும் கூகுள் பெட்டியிலும் பழையதே இருக்கிறதே? (மதுரை)

ஒவ்வொரு மொழிப் பதிப்பும் தனித்தனி. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கென்று தனி நிர்வாகிகளும் தனி நடைமுறையும் உண்டு. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் தமிழில் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள். ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கும் ஆட்கள் இருப்பார்கள். கூட்டம் சிறிது என்பதால் ஆள் தெரிந்து பேசுவார்கள்; அதற்காக முகவுரையில் 'அண்ணன்மார்களே' என்று தொடங்க வேண்டியதில்லை.

கூகுளில் தேடும்போது ஓரத்தில் வரும் அந்தத் தகவல் பெட்டி கூகுளுடையது. விக்கிப்பீடியா, அதன் சகோதரத் தகவல் கிடங்கான விக்கித்தரவு எனப் பல இடங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டியிலேயே கருத்துச் சொல்லும் இணைப்பு இருக்கும். எங்களைத் திட்டிப் பயனில்லை.

நான் அந்தக் கம்பெனியை விட்டு விலகிவிட்டேன். இப்போது தடையின்றித் திருத்தலாம் அல்லவா? (திருப்பூர்)

விலகிவிட்டாலும் நெருங்கிய தொடர்பு இருந்தவர்தான். பேச்சுப் பக்கத்தில் முன்னாள் ஊழியர் என்று சொல்லிக் கேட்பதே நல்லது. கடிதத்தின் பின்பக்கத்தில், கடைசி மூன்று மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.